புனிதர் குனிந்த சந்து

எங்கள் பேண்டு குழுவில் நான் பெரிய டிரம் அடிப்பவன். பிழைப்புக்குக் குழாய் ரிப்பேர் வேலை. ஜூன் பிறந்ததும் வேலையை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, சீருடையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். தெற்கு இத்தாலியின் மலையூர்கள் எதுவும் பேண்டு இல்லாமல் தங்கள் புனிதரைத் தெருவுக்குக் கொண்டுவராது. சமவெளிக்காரர்களான நாங்கள் செப்டம்பர் வரைக்கும் ஊர் ஊராக மலையேறிக்கொண்டிருப்போம். இருபத்தாறு வருடங்களாக என் கோடைக்காலம் இப்படித்தான் போகிறது.

மோந்தெசெர்ரோவுக்கு நாங்கள் வாசிக்கப் போனது ஒரே ஒரு முறை. ஆகஸ்ட் பதினாறு, புனித ரோக்கோ திருவிழா. எல்விரா சாந்தோரோ எங்களுக்கு மாஸ்டராகி அது இரண்டாவது வருடம். முப்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, பேசினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல். போகிற ஊரிலெல்லாம் விழாக் கமிட்டிக்காரர்கள் அவரைத் தாண்டி வந்து, மீசை இருக்கிற ஒரே காரணத்துக்காக என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்வார்: "குலுக்கி முடிச்சாச்சா? அவர் டிரம். மாஸ்டர் நான்."

மோந்தெசெர்ரோவிலும் அதுவே நடந்தது. கோட்டை வாசலுக்குக் கீழேயே பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து படிகள். டிரம்மை முதுகில் கட்டிக்கொண்டு நான் மேலே வந்து சேர்ந்தபோது, சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும். அந்த டிரம்மைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் சமவெளிக்காரன்தான். மேலே கமிட்டித் தலைவர் எவுஜேனியோ நின்றிருந்தார். ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வழக்கம்போல என் கையைக் குலுக்கினார். எல்விரா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். எவுஜேனியோ சிவந்துபோய் அவரைத் தனியாக அழைத்தார். நான் டிரம்மை இறக்கிவைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"சாயங்கால ஊர்வலத்துல ஒரு சின்ன விஷயம், மாஸ்டர். கோட்டைத் தெரு திருப்பத்துல கல் பால்கனி வெச்ச பெரிய வீடு ஒண்ணு இருக்கு. அங்க நின்னு நல்ல மார்ச் இசையா ஒண்ணு வாசிக்கணும். சிலையைத் தூக்கறவங்க முன்பக்கத்தை இறக்கி, புனிதரைக் கொஞ்சம் குனிய வைப்பாங்க. மூணு நிமிஷ வேலை."

"யார் வீடு அது?"

"ரவானோ ஐயா வீடு. குவாரிக்காரர். ஊர்ல பாதிப் பேருக்கு அவர்தான் வேலை குடுக்கிறார்."

"வேலை குடுத்தா புனிதர் குனிவாரா?"

"அய்யய்யோ, அவருக்காக இல்லை!" எவுஜேனியோ சுற்றிலும் பார்த்தார். "அவங்க அம்மாவுக்காக. வயசானவங்க, உடம்பு சரியில்லை, கீழே இறங்க முடியாது. ரோக்கோ நோயாளிங்களோட புனிதர்தானே? நோயாளி வீட்டு வாசல்ல அவர் குனியறது இந்த ஊர் வழக்கம்."

"ஓ, நோயாளி வீடுன்னா குனிவார். அதுதான் வழக்கம்?"

"அதேதான், அதேதான்."

எல்விரா தலையாட்டினார். எவுஜேனியோ நிம்மதியாகப் போய்விட்டார். அவர் மறைந்ததும் எல்விரா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க, நுன்சியோ அண்ணே?"

"நம்ம ஊரா இது? வாசிச்சுட்டு பஸ் ஏறுவோம் மாஸ்டர். இந்த மாதிரி பத்து பால்கனிக்கு நான் அடிச்சிருக்கேன்."

"அடிச்சப்போ எப்படி இருந்துச்சு?"

எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அடித்து முடித்ததும் நேரே தண்ணீர்க் குழாய் இருக்கிற இடத்துக்குப் போய்க் கை கழுவுவேன். ஒவ்வொரு முறையும்.

*

அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பேண்டுக்காரர்களை வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்து அனுப்புவார்கள். எல்விராவையும் என்னையும் ஃபிலோமேனா என்ற பெண்ணின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கோட்டைத் தெருவிலிருந்து இடது பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒடுக்கமான சந்து. இரண்டு பக்கமும் கல் சுவர். ஒற்றை அறை வீடு. உள்ளே அடுப்பு, மேசை, ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். கட்டிலில் ஃபிலோமேனாவின் கணவன் கார்மினே படுத்திருந்தான். தோள் இரண்டும் கதவு அகலம். இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

அவன் முதலில் பேசியது என்னிடம்தான்.

"டிரம்காரரே, எது பெரிசு? டிரம்மா, வயிறா?"

"இப்போதைக்கு டிரம். சாப்பாடு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

அவன் கட்டில் ஆடச் சிரித்தான். சாப்பாடு பிரமாதமாக இருந்தது. காது மடல்போல் குழிந்த பாஸ்தா, ஆட்டுக்கறிக் குழம்பு, காய்ந்த சிவப்புக் குடமிளகாயை எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தது, வீட்டில் பிழிந்த வைன். கார்மினே ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தான். பதினெட்டு வருடம் புனிதரைத் தோளில் சுமந்தவன் அவன். முன்வரிசையில் இடது பக்கம் அவனுடைய இடம்.

"சிலை என்ன கனம்?" என்று எல்விரா கேட்டார்.

"புனிதர் கனம் ஒண்ணும் இல்லை. அந்த நாய்தான்." ரோக்கோவின் காலடியில் வாயில் ரொட்டியோடு நிற்குமே, அந்த நாயைச் சொன்னான். "வருஷா வருஷம் அந்த நாய் தின்னு கொழுத்துக்கிட்டே போகுது."

"குவாரியில அடிபட்டுச்சா?" என்று எல்விரா நேரடியாகக் கேட்டுவிட்டார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

பதில் சொன்னது ஃபிலோமேனா. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "மூணு வருஷம் ஆச்சு. கல்லை மேல இழுக்கற கேபிள் அறுந்துடுச்சு. கல்லு இவன் மேல வந்துடுச்சு. ரவானோவோட ஆளுங்க என்ன எழுதிக் குடுத்தாங்க தெரியுமா? இவன் குடிச்சுட்டு வந்து தப்பான இடத்துல நின்னானாம். காலையில ஆறு மணிக்கு இவனுக்குக் காபி போட்டுக் குடுத்தவ நான்!"

"யாரும் பார்க்கலையா?"

"நாலு பேர் பார்த்தாங்க. நாலு பேருக்கும் அங்கதான் வேலை."

"தொனாத்தோ பார்த்தான்," என்றான் கார்மினே. இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "பதினெட்டு வருஷம் எனக்குப் பின்னால நின்னு சுமந்தவன். இப்போ என் இடத்துல அவன்தான் நிக்கிறான். சுமக்கறவங்களுக்குத் தலைவன். அதுக்கப்புறம் இந்தச் சந்துல அவன் காலே வைக்கலை."

"ஊர்வலம் இந்தப் பக்கம் வருமா?"

"சந்து முனையில போகும். டிரம் சத்தம் மட்டும் இங்க வரைக்கும் வரும். அதை வெச்சே சொல்லுவேன், எவன் கால் மாத்தி வைக்கிறான்னு."

"இவனை நாற்காலியில உட்கார வெச்சு மேல தூக்கிட்டுப் போகலாமான்னு மொத வருஷம் கேட்டேன்," என்றாள் ஃபிலோமேனா. "மருந்துக்கடைக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? அந்த நேரத்துல ரவானோ ஐயா பால்கனியில நிப்பாரு, இவன் எதிர்ல உட்கார்ந்திருந்தா பார்க்க நல்லா இருக்காதாம்."

எல்விரா முள்கரண்டியைக் கீழே வைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "சாயங்காலம் வாசக்கதவைத் திறந்து வெச்சிருங்க."

"எதுக்கு?"

"காத்து வரட்டும்."

வெளியே வந்ததும் அவர் சந்தின் குறுக்கே பாதத்தின் பின்னால் பாதமாக வைத்து அளந்தார். பிறகு மேலே ஏறி, கோவிலுக்குள் போய், புனிதரை வைத்துச் சுமக்கும் மேடையையும் அதே மாதிரி அளந்தார். சந்துக்குள் மேடை நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு பாத இடைவெளிதான்.

"போகும்," என்றார்.

"மாஸ்டர், வேணாம். நமக்கு இன்னும் எட்டு ஊர் பாக்கி இருக்கு. ஒரு ஊர்ல வம்பு பண்ணினா எட்டு ஊர்லயும் பேச்சு வரும்."

"அண்ணே, சிலையைத் தூக்கறவங்க என் கையைப் பார்த்து நடக்கறது இல்லை. உங்க டிரம்மைக் கேட்டு நடக்கறாங்க. நீங்க நின்னா நிப்பாங்க, நீங்க திரும்பினா திரும்புவாங்க. உங்களுக்கு முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க மேல எனக்குக் கோவம் கிடையாது."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன? சந்தை அளக்கறப்போ ரெண்டு தடவை எண்ணிக்கை தப்பிப்போச்சு."

அதைக் கேட்ட பிறகு எனக்கு என்னவோ தெம்பு வந்துவிட்டது.

*

ஆறு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. மேல் சுவர்களில் இன்னும் வெயில் இருந்தது. அந்த ஊரில் பேண்டு முன்னால் போகும், சிலை பின்னால் வரும். வெள்ளைச் சட்டையும் சிவப்பு இடுப்புத் துணியுமாக எட்டுப் பேர் சுமந்தார்கள். முன்னால் இடது பக்கம் தொனாத்தோ, குட்டையான, கழுத்தே இல்லாத மனிதன். ஜன்னல்களில் படுக்கை விரிப்புகள் தொங்கின. பெண்கள் பூவிதழ்களை அள்ளிப் போட்டார்கள். நான் அடித்துக்கொண்டிருந்தேன்; ஒவ்வொரு அடியிலும் அந்தச் சந்து ஒரு எட்டு கிட்டே வந்துகொண்டிருந்தது.

சந்து முனையில் எல்விரா இடது கையை உயர்த்தி, கீழே காட்டினார். பேண்டில் யாருக்கும் அவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு ட்ரம்பெட்காரர்கள் நேரே போய்விட்டுப் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் திரும்பினேன். மற்றவர்கள் என் பின்னால் திரும்பினார்கள். கல் சுவர்களுக்கு நடுவே டிரம் சத்தம் பீரங்கி மாதிரி எழுந்தது.

சிலை சந்து முனையிலேயே நின்றுவிட்டது.

எவுஜேனியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். "மாஸ்டர்! மாஸ்டர்! வழி அது இல்லை!"

எல்விரா கையைக் கீழே இறக்கினார். கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் நின்றன. "கீழ நோயாளி வீடு ஒண்ணு இருக்கு, ஐயா," என்றார் அந்தக் கடைசி வரிசைக் குரலில். "நோயாளி வீட்டு வாசல்ல புனிதர் குனியறது வழக்கம்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"அது... அது வேற!"

"எப்படி வேற?"

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எவுஜேனியோ பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் ஜெபப் புத்தகத்தில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்திருந்தார்.

எனக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆகையால் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒற்றை அடி, இடைவெளி, ஒற்றை அடி. சுமப்பவர்களின் கால்கள் இருந்த இடத்திலேயே ஆடின. எல்லோரும் தொனாத்தோவைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். நான் எண்ணினேன், பதினோரு அடி.

அப்போது சந்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"டேய் தொனாத்தோ! கால்ல என்ன ஆணியா அடிச்சு வெச்சிருக்கு? வரதுன்னா வா, போறதுன்னா போ! புனிதரை எதுக்குடா வெயில்ல காய வைக்கிறே?"

தொனாத்தோ தலையை நிமிர்த்தினான். "இடது பக்கம்," என்றான். யாரும் அசையவில்லை. "காது செவிடா? இடது பக்கம் திரும்புங்கடா!"

எட்டுப் பேரும் திரும்பினார்கள். எல்விராவின் கை உயர்ந்தது, பேண்டு முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. மேடைக் கட்டை சுவரில் உரசிக் காரை உதிர்ந்தது. ஒரு பாத இடைவெளி என்று அளந்தவர் சுமப்பவர்களின் முழங்கையைக் கணக்கில் சேர்க்கவில்லை; தோலெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தார்கள். ஃபிலோமேனாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் கட்டிலை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"சாயுது, சாயுது!" என்று கார்மினே கத்தினான். "முன்னால இடது பக்கம் இருக்கிறவன் எவன்டா? தோளைத் தூக்கு! நாய் விழுந்துடப் போகுது!"

தொனாத்தோ தோளைத் தூக்கினான். பிறகு முன்வரிசை நான்கு பேரும் ஒரே நேரத்தில் முழங்கால் போட்டார்கள். புனித ரோக்கோ குனிந்தார். அவர் முகம் கட்டிலின் உயரத்துக்கு வந்தது. கார்மினே கையை நீட்டி நாயின் தலையைத் தொட்டான்.

தொனாத்தோவின் முகம் அவனுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. எல்விரா பேண்டை நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நீ குடிச்சிருக்கலை," என்றான் தொனாத்தோ.

"என்னது? சத்தமாச் சொல்லு. டிரம்காரருக்குக் கேக்கலை."

தொனாத்தோவின் நெற்றி நரம்பு புடைத்தது. தோளில் கட்டையோடு, முழங்காலில் நின்றபடியே, சந்து அதிரக் கத்தினான்: "நீ குடிச்சிருக்கலை! கேபிள் பழசு! பிரிஞ்சு கிடந்துச்சு, ஒரு வாரமா எல்லாரும் பார்த்தோம்! நான் பார்த்தேன்!"

ஃபிலோமேனா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். "மூணு வருஷம்டா," என்று மட்டும் சொன்னாள். "மூணு வருஷம்."

"எந்திரிடா," என்றான் கார்மினே. "முட்டி வலிக்கப் போகுது. இனிமே மேல போய் அந்தப் பால்கனி வேலையையும் பாருங்க."

*

சிலையைப் பின்னோக்கி நடத்தித்தான் சந்திலிருந்து வெளியே எடுத்தார்கள்; நாங்களும் மேலே ஏறி வந்து மறுபடி அதற்கு முன்னால் நின்றோம். அதற்குள் நடந்தது கோட்டைத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த திருப்பத்தில் கல் பால்கனி. அதில் வெள்ளைக் கோட்டோடு ரவானோ நின்றார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அம்மா, ஆகஸ்ட் வெயிலில் தோள்மேல் கம்பளியோடு. கீழே தெரு நடுவில் குவாரி மேஸ்திரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"இங்க நிக்கணும்," என்றான்.

எல்விரா நின்றார். பேண்டு நின்றது. அவர் தலையை உயர்த்தி, பால்கனியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அம்மா, வணக்கம்! உடம்பு எப்படி இருக்கு?"

"என்ன?" என்றாள் அந்த அம்மாள், காதில் கை வைத்துக்கொண்டு.

"உடம்பும்மா! ரொம்ப சரியில்லைன்னு சொன்னாங்க!"

"யாருக்கு? எனக்கா?" அந்த அம்மாள் கம்பளியை உதறிவிட்டு எழுந்து நின்றே விட்டாள். "எவன் சொன்னான்? எண்பத்தாறு வயசு, இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை கிடையாது! மத்தியானம் ரெண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டேன்! எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னவனை மேல வரச் சொல்லு!"

"அம்மா, உட்காருங்க," என்று ரவானோ பல்லைக் கடித்தார்.

"நீ சும்மா இருடா! உன் வேலையா இது?"

முதலில் சிரித்தது ஒரு பெண் குரல். பிறகு தெருவே சிரித்தது. எவுஜேனியோ அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்விரா அந்த அம்மாளுக்கு அழகாகத் தலை வணங்கினார். "கேக்க ரொம்ப சந்தோஷம்மா! நூறு வயசு இருக்கணும்!" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்காங்களாம். புனிதருக்கு இங்க வேலை இல்லை. நடங்க."

மேஸ்திரி கையை விரித்தபடியே நின்றான். நான்தான் முதல் ஆள். டிரம்மை அடித்துக்கொண்டே நடந்தேன், அதன் முன்பக்கம் அவன் நெஞ்சில் இடித்தது. அப்படியே நின்று அடித்தேன். ஒவ்வொரு அடியும் அவனுக்குள் இறங்கியிருக்கும்.

"ஒதுங்கு," என்று யாரோ சொன்னார்கள். அது என் குரல் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவன் பால்கனியைப் பார்த்தான். ரவானோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரே சிரித்துக்கொண்டிருக்கும்போது என்ன சொல்வது? மேஸ்திரி ஒதுங்கினான். புனித ரோக்கோ நிமிர்ந்த தலையோடு அந்த வீட்டைத் தாண்டிப் போனார். அன்று நான் கை கழுவவில்லை.

*

ஊர்வலம் முடிந்து இரவில் நாங்கள் வாசிக்க வேண்டிய கச்சேரி ரத்து என்றார்கள். மேடைக்குக் கரண்ட் வரவில்லையாம். படி இறங்கி வந்தால் பஸ்ஸின் முன் டயர் இரண்டிலும் காற்று இல்லை. மதில் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் படிகளில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். நான் டிரம்மை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைனும் கொண்டுவந்திருந்தார்கள். டயரைச் சரிசெய்ய அடிவாரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை தொனாத்தோவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் குவாரியில் வேலை போயிற்று. வேலை போன பிறகு அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை. மூன்று பேரும் நகரத்துக்குப் போய் நீதிபதி முன்னால் பார்த்ததைச் சொன்னார்கள். வழக்கு ஆமை வேகத்தில் நடந்தது. ஒன்றரை வருடம் கழித்து, கேபிள் தேய்ந்திருந்தது என்றும், கார்மினே குடித்திருந்தான் என்ற வரியை நீக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. ரவானோ மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார், அது இன்னும் நடக்கிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் கார்மினே அந்தத் தீர்ப்பை எடுத்து ஃபிலோமேனாவைப் படிக்கச் சொல்கிறான். அவளும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று படிக்கிறாள்.

எங்களுக்கு அந்த வருடம் மூன்று ஊர்கள் கைவிட்டுப் போயின. வீட்டில் என் மனைவி, "டிரம்மோட வாயையும் சேர்த்து அடிச்சியாமே?" என்று கேட்டாள். மோந்தெசெர்ரோ வேறொரு பேண்டை அழைத்தது. அடுத்த ஆகஸ்ட் பதினாறு எங்களுக்கு வேலை இல்லாத நாள். அதனால் சாதாரண உடுப்பில், விருந்தாளிகளாக, எங்களில் இருபத்து மூன்று பேர் பஸ் பிடித்து மலையேறினோம். சந்துப் பக்கம் திரும்பக் கூடாது என்று புதிய பேண்டின் மாஸ்டருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அவர் சந்து முனையில் நிற்காமல் நேரே போனார். எட்டுப் பேரும் இசை இல்லாமல், காலடிச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினார்கள். பிறகு பின்னால் ஆள் யாரும் வராததைக் கண்டு அந்தப் பேண்டு திரும்பி வர வேண்டியதாயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது எல்விராவின் போன் அடித்தது. பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு மலையூரிலிருந்து ஒரு பெண். அவள் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாஸ்டர், மோந்தெசெர்ரோவுல வாசிச்சது நீங்கதானே? எங்க ஊர்லயும் ஒரு வீடு இருக்கு. முப்பது வருஷமா மாதா அங்க குனியறாங்க. எங்களுக்கு இனிமே முடியாது. நீங்க வருவீங்களா?"

எல்விரா எங்களைப் பார்த்தார். ட்ரம்பெட்காரர்களில் ஒருவன், "இந்தத் தடவை எந்தப் பக்கம் திரும்பணும்னு முன்னாடியே சொல்லிடுங்க மாஸ்டர்," என்றான்.

"ஊர்வலம் எத்தனை மணிக்கு?" என்று எல்விரா போனில் கேட்டார்.